கீழ்வீட்டுக் கூரையில் கடல்

இரவு இரண்டேகாலுக்குக்
கால்தான் முதலில் கண்டுபிடித்தது.
தண்ணீர் குடிக்க எழுந்தவன்
தண்ணீரில் நின்றேன்.

பிரிட்ஜாக இருக்கும் என்று நகர்த்தினேன்.
இல்லை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

உவரியிலிருந்து இருபது லிட்டர் கேனில்
எட்டு நடையாக,
பெருமாள்புரத்து இரண்டாம் மாடிக்கு
நான் ஏற்றிய கடல்
தானாகவே இறங்கப் பார்க்கிறது.

ஜெனோவா எழுந்து வந்தாள்.
"அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.
கொடியில் கிடந்த துண்டு, போர்வை, மேஜைவிரிப்பு,
என் ஒரே பட்டுக்கரை வேட்டி
எல்லாவற்றையும் தரையில் போட்டாள்.
வேட்டியை முதலில்.

கண்ணாடி வியர்க்கிறதா, ஒழுகுகிறதா?
செய்தித்தாளை நாடா நாடாவாகக் கிழித்து
மூட்டு நெடுக ஒட்டவைத்தேன்.
எல்லாம் உலர்ந்திருக்க
இடது கீழ்மூலையில் ஒன்று மட்டும்
மணமகள் தேவை விளம்பரத்தில் தொடங்கி
நனைந்துகொண்டே மேலே ஏறியது.

அங்கே ஒரு வெள்ளைக் கோடு
மூன்று வாரமாக இருந்தது.
சுண்ணாம்பு என்று நினைத்து
ஞாயிறுதோறும் துடைத்திருக்கிறேன்.
உப்பு எழுதியதைத்
துடைத்துத் துடைத்து
பளிச்சென்று வைத்திருந்தேன்.

பிரியாணி அண்டாவை எடுத்தேன்.
"அலுமினியம். உப்புத்தண்ணிக்கு ஆவாது" என்று பிடுங்கி,
நீல டிரம்மிலிருந்த அம்பாசமுத்திரத்து அரிசியைக்
கட்டிலில் கொட்டினாள்.
கோமாளி மீன் இரண்டும் வலைக்கு வந்தன.
அந்த நீல டேம்சல்
இருபது நிமிடம் என்னைக் குனியவைத்தது.
துறவி நண்டு தன் வீட்டோடு வந்தது;
அந்த வீட்டில் ஒழுகல் இல்லை.

கட்டிலில் அரிசி படுத்தது.
டிரம்மில் மீன் படுத்தது.
நாங்கள் நின்றோம்.

கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டு ஆவுடையப்பன், தோளில் துண்டோடு.
"தம்பி, எங்க அடுக்களையில மேல இருந்து சொட்டுது.
ஒங்க கக்கூஸ் தண்ணின்னு அவ ஒரே கூப்பாடு.
நான் நக்கிப் பாத்தேன்."

நக்கினீர்களா?

"உப்புக் கரிக்கி.
கக்கூஸ் தண்ணி இப்படிக் கரிக்காதுல்லா."

அந்தத் தெளிவு அவருக்கு எப்படி வந்தது என்று
நான் கேட்கவில்லை.
கைலியை மடித்துக் கட்டி
ரப்பர் குழாயின் மறுமுனையை அவரே வாங்கினார்.
உறிஞ்சித் தொடங்கிவைத்து
இரண்டாம் வாய்க் கடலை
எங்கள் ஜன்னல் வழியாகத் துப்பினார்.

ஆறு மணிக்குக் குழாயில் தாமிரபரணி வந்தது.
ஊரே பெருமைப்படும் தண்ணீர்.
டிரம்முக்குள் இருக்கும் நாலு உயிருக்கும்
அதில் ஒரு மிடறு ஆகாது.

வண்ணார்பேட்டைக் கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தது.
பழைய பசையைப் பிளேடால் சுரண்டி,
ஸ்பிரிட் போட்டுத் துடைத்து,
சிலிக்கானை மூலைக்குள் விரலால் இழுத்துவிட்டேன்.
காய நாற்பத்தெட்டு மணி நேரம்.
வீடெல்லாம் காடி நாற்றம்.
"ஊறுகா போட்டியளா?"
கீழிருந்து அவர் மனைவி கேட்டாள்.
அவள் அடுக்களைக் கூரையில்
வெள்ளையாய் ஒரு வட்டம் பூக்கத் தொடங்கியிருந்தது.
வெள்ளையடித்துத் தருகிறேன் என்றதற்கு
"கெடக்கட்டும்" என்றார் ஆவுடையப்பன்.
"உவரிக்கு எப்ப போறிய? நானும் வாரேன்."

பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.
மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன் வீட்டிலும்
போகத்தான் செய்யும்.
காற்றுக் குமிழ் நின்றது.
மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன.
நான் அலுவலகத்துக்குப் போன் போட்டுக்
கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால்
ஜெனோவா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து,
மக்கில் மொண்டு மொண்டு,
கையை உயர்த்தி
டீ ஆற்றுவதுபோல்
டிரம்முக்குள் கடலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.
"செத்துக்கித்துத் தொலச்சிராத, சவமே"
என்றாள் டேம்சலிடம்.
அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத மீன் அது.

ஒன்றே காலுக்கு மின்சாரம் வந்தது.
அதற்குப் பிறகும்
இரண்டு மக்கு ஊற்றினாள்.